காரின் பின் இருக்கையில் நாயை எப்படிக் கட்டுவது?

கடிதத்தின் சாரம்

கோவையில் வசிக்கும் பள்ளி ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றி, அதன் சாரத்தை இங்கே தருகிறேன். கணவர், ஒன்பது வயது மகள், மூன்று வயதான ஆண் சிப்பிப்பாறை நாய் என்று அளவான குடும்பம். நாயின் எடை 22 கிலோ. தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை வழியாகச் சாத்தூர்ப் பக்கம் உள்ள கணவரின் சொந்த ஊருக்கு மாதம் ஒருமுறை ஹேட்ச்பேக் காரில் போய்வருகிறார்கள். நாயைக் குட்டியாக வாங்கிவந்ததும் அந்தப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்துதான். ஏறத்தாழ ஆறு மணி நேரப் பயணம் முழுவதும் பின் இருக்கையில் மகளும் நாயும் எந்தக் கட்டும் இல்லாமல் உட்கார்ந்து வருவதே இதுவரை வழக்கமாக இருந்திருக்கிறது.

கடந்த தை மாதம் ஒட்டன்சத்திரத்தைத் தாண்டிய சிறிது தூரத்தில் ஆட்டுக் கூட்டம் ஒன்று சாலையில் இறங்கிவிட, கணவர் பிரேக்கை முழுவதுமாக மிதித்திருக்கிறார். கார் எதிலும் மோதவில்லை. ஆனால் நாய் இரண்டு முன் இருக்கைகளுக்கும் இடையே வந்து விழுந்து கியர் கம்பியில் மார்பு இடிபட்டது. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த மகளும் முன்னே இழுக்கப்பட்டு, முன் இருக்கையின் முதுகில் மோதி உதடு கிழிந்தது. நாய் இரண்டு நாள் நொண்டியது. வீட்டில் இருந்த வலி மாத்திரையில் பாதியைக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு கணவர் இணையத்தில் முந்நூறு ரூபாய்க்கு ‘நாய் சீட் பெல்ட்’ ஒன்றை வாங்கினார். அதன் ஒரு முனையை நாயின் காலரிலும் மறு முனையைச் சீட் பெல்ட்டின் பக்கிளிலும் மாட்டி இரண்டு பயணங்கள் போய்வந்துவிட்டார்கள்.

இப்போது வீட்டில் கருத்து வேறுபாடு. “கட்டிவைத்த நாய் விபத்தில் மாட்டிக்கொண்டு செத்துப்போகும், அவிழ்த்துவிட்டால் அதுவே குதித்துத் தப்பித்துக்கொள்ளும்” என்பது கொழுந்தனாரின் வாதம். வாயில்லா ஜீவனை ஆறு மணி நேரம் கட்டிப்போடுவது பாவம் என்று மாமியார் வருந்துகிறார். கம்பிக் கூண்டு வாங்கி டிக்கியில் வைக்கலாமா, முன் இருக்கையில் தன் மடியிலேயே பிடித்துக்கொள்ளலாமா, தூக்க மாத்திரை கொடுத்துவிடலாமா, காவல்துறை இதற்கெல்லாம் அபராதம் போடுமா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, “எது பாதுகாப்பு, எது கொடுமை என்று பிரித்துப் பார்க்கவே முடியவில்லை டாக்டர்” என்று முடித்திருக்கிறார்.

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

நடந்ததை மறைக்காமல் எழுதியதற்கு முதலில் நன்றி. எங்கள் மருத்துவமனைக்கு இப்படி அடிபட்டு வரும் நாய்களின் சொந்தக்காரர்களில் பலர், “மாடிப்படியில் விழுந்துவிட்டது” என்றுதான் தொடங்குவார்கள். காரில் என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் எங்கே அடி பட்டிருக்கும் என்று எங்களால் ஊகிக்க முடியும். நீங்கள் ஒளிவில்லாமல் சொன்னதால் உங்களுக்கு என்னாலும் ஒளிவில்லாமல் பதில் சொல்ல முடிகிறது.

நாயைக் கட்டவேண்டும் என்று நீங்கள் எடுத்த முடிவு சரியானது. கட்டிய இடம்தான் தவறு. காலரில் மாட்டிய பெல்ட்டை இன்றே அவிழ்த்துவிடுங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். கொழுந்தனாருக்கும் மாமியாருக்கும் நீங்கள் எடுத்துச் சொல்ல அது உதவும்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதன்மீதாவது மோதி நின்றால், கட்டப்படாத உடல் அதே 50 கிலோமீட்டர் வேகத்தில் முன்னே போய்க்கொண்டிருக்கும். அந்த வேகம் ஏறத்தாழ பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து, கீழே விழும் உடலின் வேகத்துக்குச் சமம். வேகம் 80 ஆனால் அது 25 மீட்டர் உயரமாகிவிடும்; வேகம் ஒன்றரை மடங்கைவிடச் சற்றே கூட, உயரம் இரண்டரை மடங்காகிறது. நம் தேசிய நெடுஞ்சாலைகளில் 80 என்பதை யாரும் வேகமாகக் கருதுவதில்லை என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

உடலை வார் ஒன்று பிடித்துக்கொண்டிருந்தால், காரின் முன்பகுதி நசுங்கும் தூரத்தோடும் வார் இளகிக்கொடுக்கும் தூரத்தோடும் சேர்த்து, அந்த உடல் சுமார் அரை மீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் நாயின் 22 கிலோ எடைக்கு, 50 கிலோமீட்டர் வேகத்தில், அந்த வாரின்மீது விழும் சராசரி விசையைக் கணக்கிட்டால் முந்நூற்றைம்பது கிலோவைத் தொடுகிறது. உச்சத்தில் அதைவிடவும் கூடும். ஏழு மூட்டை சிமெண்டின் எடை அது. அதை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் எது தாங்கப்போகிறது என்பதே கேள்வி. நீங்கள் கட்டியிருக்கும் முறையில் அதைத் தாங்கவேண்டியது இரண்டு விரல் அகலமுள்ள காலரும், அதற்கு அடியில் இருக்கும் மூச்சுக்குழாயும் கழுத்தெலும்பும்தான்.

பெல்ட் எதைத் தாங்கும், எதைத் தாங்காது

இதைப் படித்ததும் அந்த முந்நூறு ரூபாய் பெல்ட் வெறும் ஏமாற்று என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கும் ஒரு பயன் உண்டு. மோதல் இல்லாமல் பிரேக்கை மட்டும் முழுவதுமாக மிதிக்கும்போது உங்கள் நாய் முன்னே இழுக்கும் விசை பதினேழு, பதினெட்டு கிலோ அளவுதான். அதைச் சாதாரண நாடாவும் கொக்கியும் தாங்கிவிடும். தை மாதம் உங்களுக்கு நேர்ந்தது அத்தகைய நிகழ்ச்சிதான், சாலையில் அடிக்கடி நேர்வதும் அதுதான். நாய் ஓட்டுநரின் மடிக்குத் தாவுவதையும், காலடியில் பிரேக் மிதிகளுக்கு இடையே புகுந்துகொள்வதையும், பின்னால் திரும்பி அதட்டவேண்டிய நிலையையும் எளிய பெல்ட்டே தடுத்துவிடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது உங்கள் கணவர் இரண்டு நொடி பின்னால் திரும்பினால், கார் 44 மீட்டர் தூரம் யாரும் பார்க்காமல் ஓடியிருக்கும்.

ஆக, நாயை இடம் மாறாமல் இருத்துவது ஒன்று, மோதலில் காப்பது வேறொன்று. கடைகளில் இரண்டுக்கும் ‘சேஃப்டி’ என்ற ஒரே சொல்லைத்தான் அச்சடிக்கிறார்கள். வாங்குகிறவர் இரண்டாவதை வாங்கியதாக நம்பிக்கொண்டு முதலாவதை எடுத்துவருகிறார்.

இந்த வேறுபாட்டைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் சென்டர் ஃபார் பெட் சேஃப்டி என்ற லாப நோக்கமற்ற அமைப்பு, சுபாரு கார் நிறுவனத்தின் ஆதரவுடன் 2013-இல் ஒரு சோதனை நடத்தியது. மோதலில் காக்கும் என்று விற்கப்பட்ட ஹார்னஸ்களை, அதாவது காலருக்குப் பதிலாக நாயின் மார்பைச் சுற்றி அணியும் வார் அமைப்புகளை, நாய் உருவப் பொம்மைகளுக்கு அணிவித்து, மணிக்கு 30 மைல் வேக மோதலுக்கு உட்படுத்தினார்கள். சிலவற்றில் வார் அறுந்தது, சிலவற்றில் உலோகப் பாகம் உடைந்தது, பொம்மைகள் இருக்கையை விட்டுப் பறந்தன. நாயை ஒவ்வொரு முறையும் இருக்கையிலேயே நிறுத்தியது ஸ்லீப்பிபாட் நிறுவனத்தின் கிளிக்கிட் யூட்டிலிட்டி என்ற ஹார்னஸ் ஒன்றுதான். குழந்தை இருக்கைகளுக்கு இருப்பதைப் போல, நாய் பெல்ட்டுகள் கட்டாயம் தேறவேண்டிய அரசுத் தரம் அங்கே கிடையாது என்பதால், யார் வேண்டுமானாலும் ‘சோதிக்கப்பட்டது’ என்று எழுதிக்கொள்ள முடிந்தது. நம் ஊரில் விற்பனையாகும் பெல்ட்டுகளையும் அதே எச்சரிக்கையோடுதான் பார்க்கவேண்டும். பொருளின்மேல் அந்தச் சொல் இருந்தால், எந்த வேகத்தில், எத்தனை கிலோ எடையில், யார் சோதித்தார்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதைப் பிரேக் பிடிப்பதற்கு மட்டும் உதவும் பெல்ட்டாகக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவிழ்த்துவிட்டால் தப்பித்துக்கொள்ளுமா?

உங்கள் கொழுந்தனாரின் வாதத்தை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். அது நாயின்மேல் உள்ள அன்பினால் வரும் வாதம் என்பதால் பொறுமையாகவே பதில் சொல்லவேண்டும். மோதலில் சிக்கும் கார்களில் தீப்பிடிப்பவை மிகச் சில. அந்த மிகச் சிலவற்றிலும் நாய் குதித்துத் தப்பவேண்டுமானால், மோதிய கணத்தில் அது முன்கண்ணாடியிலோ மனிதர்மீதோ மோதி நினைவிழக்காமல் இருந்திருக்க வேண்டும். கட்டப்படாத நாய்க்கு அந்த வாய்ப்புதான் முதலில் பறிபோகிறது.

அப்படியே அடிபடாமல் பிழைத்தாலும் ஆபத்து அத்துடன் தீர்வதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நெடுஞ்சாலையில் கவிழ்ந்த கார் ஒன்றிலிருந்து ஒரு லாப்ரடாரை என்னிடம் தூக்கிவந்தார்கள். காரில் இருந்த மனிதர்கள் சிராய்ப்புகளோடு தப்பியிருந்தார்கள். நாய்க்கும் காருக்குள் பெரிய அடி எதுவும் இல்லை. உடைந்த ஜன்னல் வழியே வெளியே குதித்து, பயத்தில் சாலையின் குறுக்கே ஓடி, பின்னால் வந்த லாரியில் அடிபட்டிருந்தது. என் மேசைக்கு வரும்போது உயிர் இல்லை. விபத்துக்குப் பின் நாய் செல்லும் திசையை யாராலும் சொல்ல முடியாது. சிப்பிப்பாறையின் ஓட்டத்தை நான் உங்களுக்கு விளக்கவேண்டியதில்லை. காருக்குள்ளேயே இருந்துவிட்டால் வேறொரு சிக்கல். அடிபட்டுக் கிடக்கும் எஜமானரை நெருங்கும் அந்நியர்களை, அவர்கள் 108 ஊழியர்களாகவே இருந்தாலும், அது விடாது. உங்கள் மகளைத் தூக்க வருகிறவரை நாய் கடிக்கும் நிலையை நினைத்துப் பாருங்கள்.

தீயைப் பற்றிய அச்சத்துக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. சீட் பெல்ட்டை அறுக்கும் சிறு கத்தி கடைகளில் கிடைக்கிறது. அதை ஓட்டுநருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் கை எட்டும் இடத்தில் பொருத்திவைத்துவிட்டால், நாயின் வாரை மட்டுமல்லாமல் உங்கள் சொந்த பெல்ட்டையும் தேவைப்பட்டால் அறுக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும், நீங்கள் கேட்காததுதான், ஆனாலும் மன்னித்துக் கேளுங்கள். நாய்க்கு பெல்ட் தேடி இவ்வளவு எழுதியிருக்கும் கடிதத்தில் மகளுக்கு பெல்ட் போட்டதாக ஒரு வரியும் இல்லை. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே நடந்த விபத்தில் இறந்தபோது, பின் இருக்கையில் பெல்ட் அணியாமல் பயணம் செய்ததைப் பற்றி நாடு முழுவதும் பேசினோம். பிறகு மறந்துவிட்டோம். பின் இருக்கையில் முதலில் பெல்ட் போடவேண்டியது உங்கள் மகளுக்கு. பெல்ட் அவள் கழுத்தை உரசினால், உயரத்தைக் கூட்டும் பூஸ்டர் இருக்கை ஒன்றை வாங்குங்கள். கட்டிய நாயை அவள் கட்டிப்பிடித்துக்கொண்டு வரவும் கூடாது. ஒரு கையை நீட்டித் தடவிக்கொடுக்கும் இடைவெளி இருவருக்கும் இடையே இருக்கட்டும்.

உங்கள் காருக்கும் உங்கள் நாய்க்கும் எது பொருந்தும்?

மடியில் வைத்துக்கொள்வதை முதலில் ஒதுக்கிவிடலாம். முன் இருக்கையின் ஏர்பேக், கண் இமைப்பதற்குள், மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் விரிகிறது. பெல்ட் அணிந்து, பின்னே சாய்ந்து உட்கார்ந்திருக்கும் வளர்ந்த மனிதரை மனத்தில் வைத்து அது வடிவமைக்கப்பட்டது. உங்களுக்கும் அதற்கும் இடையே நாய் இருந்தால் அது நாயை உங்கள்மீது அறைந்துவிடும். கைகளால் பிடித்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கைக்கும் இடமில்லை. ஏழு மூட்டை சிமெண்டைப் பிடிக்கும் கை யாருக்கும் இல்லை.

கம்பிக் கூண்டைப் பற்றி நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. உறுதியான பெட்டி, சரியான இடத்தில், அசையாமல் பொருத்தப்பட்டிருந்தால், நாய்க்கு அது மிகச் சிறந்த பாதுகாப்புகளில் ஒன்று. ஆனால் உங்கள் காரில் அதற்கு இடமில்லை. ஹேட்ச்பேக்கின் டிக்கி, பின்னால் வரும் வண்டி மோதினால் நசுங்குவதற்கென்றே விடப்பட்ட பகுதி; சிப்பிப்பாறை எழுந்து நிற்கும் உயரமுள்ள பெட்டி அதில் நுழையவும் நுழையாது. வீட்டில் பயன்படுத்தும் மடக்குக் கம்பிக் கூண்டு மோதலில் வளைந்து கம்பிகள் உள்ளே குத்தக்கூடியது. விமானத்தில் அனுப்பும் பிளாஸ்டிக் பெட்டியும் சாலை மோதலுக்காகச் செய்யப்பட்டதில்லை. பின்னாளில் மூன்று வரிசை இருக்கை உள்ள கார் வாங்கினால், மூன்றாம் வரிசையை மடக்கிவிட்டு, இரண்டாம் வரிசையின் முதுகோடு ஒட்டி ஒரு உறுதியான பெட்டியை வைக்கலாம். ஜெர்மனியின் ஏடிஏசி மோட்டார் சங்கம் பெரிய நாய்களுக்கு இப்படித்தான் பின் இருக்கையின் முதுகை ஒட்டி வைக்கச் சொல்கிறது. பூனைக்கோ பக் போன்ற சிறு நாய்க்கோ உரிய சிறு பெட்டியை முன் இருக்கைக்குப் பின்னே கால் வைக்கும் பள்ளத்தில் வைக்கச் சொல்கிறது. இதைப் படிக்கும் சிறு நாய் வளர்ப்பவர்களுக்கு அந்த இரண்டாவது யோசனை பயன்படும்.

ஆகவே உங்களுக்கு மிஞ்சுவது மார்பில் அணியும் ஹார்னஸ். அதைத் தேர்ந்தெடுப்பதில் உங்கள் நாயின் இனம் ஒரு தனிக் கவனத்தைக் கேட்கிறது. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் போன்ற நம் வேட்டை நாய்களுக்கு மார்புக்கூடு ஆழமானது, இடுப்பு ஒடுங்கியது, தலை கழுத்தைவிடப் பெரிதாக அகன்றிருப்பதில்லை. லாப்ரடாரின் உடலை வைத்து ‘எல்’, ‘எக்ஸ்எல்’ என்று தைக்கப்பட்ட ஹார்னஸ், மார்புக்குப் பொருந்தினால் இடுப்பில் தொங்கும், இடுப்புக்குப் பொருந்தினால் மார்பை இறுக்கும். பின்னோக்கி இரண்டு அடி வைத்து உடலைச் சுருக்கிக்கொண்டு முழு ஹார்னஸிலிருந்தும் வெளியே வந்துவிட இந்த நாய்களால் முடியும். அதனால் எடையைச் சொல்லி வாங்காதீர்கள். முன்னங்கால்களுக்குப் பின்னே மார்பின் ஆழமான இடத்தின் சுற்றளவு, கழுத்தின் அடிப்பகுதியின் சுற்றளவு, கழுத்தடியிலிருந்து முன்னங்கால்களுக்கு இடையே உள்ள நெஞ்செலும்பின் நீளம் ஆகிய மூன்றையும் தையல் நாடாவால் அளந்து, அதை வைத்து வாங்குங்கள்.

நெஞ்சின் குறுக்கே வரும் பட்டை அகலமாகவும் உள்ளே மெத்தை வைத்ததாகவும் இருக்கவேண்டும். விசை பரவ அதுவே வழி. அந்தப் பட்டை கழுத்துக்கு ஏறிவிடாமல் நெஞ்செலும்பின்மீதே நிற்கவேண்டும். சுமையைத் தாங்கும் இடங்களில் பிளாஸ்டிக் பக்கிளோ வெல்க்ரோவோ இருந்தால் தவிர்த்துவிடுங்கள். தைத்த நாடாவும், அச்சில் உருக்கி வார்க்கப்படாத உலோக வளையமும் உள்ளதாகப் பாருங்கள். காரின் சீட் பெல்ட்டே ஹார்னஸின் முதுகுப் பகுதிக்குள் நுழைந்து வெளியே வந்து பக்கிளில் மாட்டும்படி அமைந்தது, தனி நாடா ஒன்றின் வழியாகத் தொங்குவதைவிட நல்லது. பக்கிளில் செருகும் நாடா வகையில் இன்னொரு குறையும் உண்டு: நாயின் பாதம் சிவப்புப் பொத்தானில் பட்டாலே கழன்றுவிடும். தனி நாடாதான் கிடைக்கிறது என்றால், உங்கள் காரில் குழந்தை இருக்கைக்கான ஐசோஃபிக்ஸ் கம்பி இருக்கிறதா என்று இருக்கையின் முதுகும் அடியும் சேரும் இடுக்கில் விரல் விட்டுப் பாருங்கள். அதில் மாட்டுவது உறுதியானது. ரப்பர் போல நீளும் நாடா வேண்டாம். நீளும் தூரமெல்லாம் நாய் முன்னே பறக்கும் தூரம்.

நீளத்தைப் பற்றித்தான் வீட்டில் சண்டை வரும். நாயால் உட்காரவும் சுருண்டு படுக்கவும் முடியவேண்டும். இருக்கையை விட்டுக் கீழே இறங்கவோ, முன் இருக்கைகளுக்கு இடையே தலையை நீட்டவோ முடியக் கூடாது. அந்த அளவுக்குக் குட்டையாக இருக்கட்டும். இருக்கைக்கும் காலடிப் பள்ளத்துக்கும் இடையே தொட்டில் போல மாட்டும் துணி விரிப்பு பள்ளத்தில் விழாமல் காக்கும். மோதலில் அது காக்காது என்றாலும், நாய் நிம்மதியாகப் படுக்க உதவுவதால் வாங்கலாம். நாயை முன் பயணியின் இருக்கைக்குப் பின்னேயும், மகளை ஓட்டுநருக்குப் பின்னேயும் உட்காரவையுங்கள். ஜன்னலின் பவர் பூட்டைப் போட்டுவிடுங்கள். தலையை வெளியே நீட்டிக் காற்று வாங்குவது நாய்க்குப் பிடிக்கும் என்பது உண்மை. தூசியும் கல்லும் பட்டுக் கருவிழி கிழிந்த நாய்களுக்கு நான் தையல் போட்டிருக்கிறேன் என்பதும் உண்மை.

புதிய ஹார்னஸைப் பயண நாளன்று முதன்முதலாக மாட்டாதீர்கள். ஒரு வாரம் வீட்டிலேயே அணிவித்துச் சாப்பாடு போடுங்கள். அடுத்த வாரம் நிற்கும் காரில் மாட்டி உட்காரவையுங்கள், பிறகு தெருவைச் சுற்றி வாருங்கள். கழற்றியதும் அக்குளைத் தடவிப் பாருங்கள். சிப்பிப்பாறையின் மெல்லிய தோலும் குட்டை முடியும் அங்கேதான் முதலில் உரசிச் சிவக்கும்.

மாமியாரின் வருத்தமும் சட்டமும்

கட்டுவது பாவம் என்று உங்கள் மாமியார் சொல்வதை நான் ஒதுக்கிவிடமாட்டேன். அவருடைய கவலையில் நியாயமான பகுதி ஒன்று இருக்கிறது. கட்டப்பட்ட நாயால் வெயில் படும் பக்கத்திலிருந்து நகர்ந்துகொள்ள முடியாது. பல ஹேட்ச்பேக்குகளில் பின் இருக்கைக்கு ஏசி துவாரம் இருப்பதில்லை. முன்னே உங்களுக்குக் குளிரும்போது பின்னே நாய்க்கு மூச்சிரைக்கும். எனவே நாயின் பக்கத்து ஜன்னலுக்கு நிழல் திரை போடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, தண்ணீர் வைத்து, பத்து நிமிடம் நடக்கவிடுங்கள். கதவைத் திறப்பதற்கு முன் நடைபயிற்சிக் கயிற்றை மாட்டுங்கள். அது மாட்டிய பிறகே சீட் பெல்ட்டைக் கழற்றுங்கள். பெட்ரோல் பங்கில் தொலைந்துபோகும் நாய்கள் பெரும்பாலும் இந்த வரிசை மாறியதால் தொலைந்தவை. திண்டுக்கல்லில் சாப்பிட இறங்கும்போது நாயைக் காரில் விட்டுப் போகவே போகாதீர்கள். வெயிலில் நிற்கும் காரின் உள்வெப்பம் பத்தே நிமிடத்தில் பத்து டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறிவிடும். வெளியே 35 என்றால் உள்ளே 45. ஜன்னலை இரண்டு அங்குலம் திறந்துவைப்பதால் பெரிய மாற்றம் எதுவும் இல்லை.

சட்டம் என் துறை இல்லை என்றாலும், என் தொழிலோடு தொட்டுக்கொண்டிருக்கும் பிரிவுகளைச் சொல்கிறேன். தனியார் காரில் நாய்க்கு பெல்ட் போடவேண்டும் என்று பெயர் சொல்லிக் கட்டளையிடும் பிரிவு நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் இல்லை. ஆனால் 1988-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 125-ஆம் பிரிவு, வண்டியைக் கட்டுப்படுத்த ஓட்டுநருக்கு இடையூறாகும் வகையில் யாரையும் உட்காரவிடவோ எதையும் வைக்கவோ கூடாது என்கிறது. மடியில் நாயோடு ஓட்டுகிறவர் இதில் அகப்படலாம். 2019 திருத்தத்தில் சேர்ந்த 194பி பிரிவின்படி, பெல்ட் அணியாமல் பயணம் செய்தாலும், பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை பெல்ட் இல்லாமல் அழைத்துச் சென்றாலும் ஆயிரம் ரூபாய் அபராதம். இது உங்கள் காருக்கு நேராகப் பொருந்துகிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, தேவையற்ற துன்பம் தரும்படி விலங்கை வண்டியில் ஏற்றிச் செல்வதையும், நியாயமற்ற நேரத்துக்கு நியாயமற்ற குட்டைச் சங்கிலியில் கட்டிவைப்பதையும் குற்றமாக்குகிறது. மாமியாரின் மனத்தில் இருப்பதும் இதே நியாயம்தான். மெத்தை வைத்த ஹார்னஸில், படுத்துறங்க இடம் விட்டு, இரண்டு மணிக்கொருமுறை அவிழ்த்து நடத்தும் பயணம் அந்தக் குற்றத்தில் சேராது. பிரிட்டனின் நெடுஞ்சாலை விதித் தொகுப்பில் 57-ஆம் விதி, ஓட்டுநரின் கவனத்தைச் சிதறடிக்காமலும், திடீரென்று நிறுத்தினால் உங்களையோ தம்மையோ காயப்படுத்தாமலும் இருக்கும்படி விலங்குகளைக் கட்டவேண்டும் என்று ஒரே வரியில் சொல்கிறது. மாமியாரிடம் அதைப் படித்துக் காட்டலாம். நாயின் நலமும் அந்த வரியில் இருக்கிறது.

மாத்திரைகள்

தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். மயக்கத்தில் இருக்கும் நாயால் வளைவுகளில் கால் ஊன்றித் தன்னைச் சமாளித்துக்கொள்ள முடியாது. சில அமைதிப்படுத்தும் மருந்துகள் இரத்த அழுத்தத்தையும் உடல் வெப்பத்தைச் சீர்செய்யும் ஆற்றலையும் குறைக்கும்; நம் வெயிலில் அது ஆபத்து. மேலும், கொழுப்பு குறைந்த உடல் கொண்ட வேட்டை நாய்களில் சில மயக்க மருந்துகள் நெடுநேரம் தங்கிவிடும் என்பதால், உங்கள் நாய் விஷயத்தில் நாங்களே அளவைப் பார்த்துப் பார்த்துத்தான் கொடுப்போம். வாந்தி எடுப்பதுதான் தொல்லை என்றால், புறப்படுவதற்கு நான்கு மணி நேரம் முன்பே உணவை முடித்துவிடுங்கள். அதிலும் நிற்கவில்லை என்றால், தூக்கம் வராமல் வாந்தியை மட்டும் தடுக்கும் மாரோபிடன்ட் என்ற மருந்து இருக்கிறது. உங்கள் மருத்துவர் எழுதிக்கொடுப்பார்.

மனிதர்களுக்கான வலி மாத்திரையை இனி ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை நாயின் குடலில் புண்ணை உண்டாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வலியை மறைத்துவிடுவதால் உள்காயத்தையும் மறைத்துவிடும். மார்பில் அடிபட்ட நாய்க்கு நுரையீரலில் இரத்தக்கட்டு, நெஞ்சறைக்குள் காற்றுக் கசிவு, உதரவிதானக் கிழிசல் போன்றவை உடனே வெளித்தெரியாமல் ஒன்றிரண்டு நாள் கழித்தும் தெரியவரலாம். ஈறு வெளுத்திருந்தாலோ, படுத்திருக்கும்போதும் நிமிடத்துக்கு நாற்பதுக்கு மேல் மூச்சு வாங்கினாலோ, இரவிலேயே தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். தை மாத அடிக்குப் பிறகு உங்கள் நாய் பழையபடி ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. ஓடி முடித்ததும் வழக்கத்தைவிட அதிக நேரம் இரைக்கிறதா என்பதை மட்டும் ஒரு வாரம் கவனியுங்கள். சந்தேகம் இருந்தால் மார்புக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடலாம். ஆண்டுத் தடுப்பூசிக்குப் போகும்போது அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அடுத்த மாதப் பயணத்துக்குள் நல்ல ஹார்னஸ் கைக்கு வராமல் போகலாம். அப்படியானால், நடைபயிற்சிக்கு வைத்திருக்கும் ஹார்னஸ் மார்பைச் சுற்றி வருவதாக இருந்தால், இப்போதுள்ள பெல்ட்டை அதன் முதுகு வளையத்தில் குட்டையாக மாட்டுங்கள், காலரைக் கழற்றிவிடுங்கள். அது திடீர்ப் பிரேக்கைத் தாங்கும், பெரிய மோதலைத் தாங்காது என்பதைக் கணவரும் நினைவில் வைத்துக்கொண்டு, வேகத்தை எழுபதுக்குள் நிறுத்தி, ஒட்டன்சத்திரத்தைச் சுற்றியுள்ள பாதையை ஆடு மாடு சாலையில் இறங்கும் அந்தி நேரத்துக்கு முன்பே கடந்துவிடும்படி காலையிலேயே புறப்படுங்கள். மார்பு அளவுகளை எடுத்ததும் எனக்கு எழுதி அனுப்புங்கள். எந்த அமைப்பு பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.